நத்தை வழியே வரும் எண்ணெய்

குறுவை அறுத்த வயல்களில் தாத்தா வாத்து மேய்ப்பார். உதிர்ந்த நெல் கிடந்தாலும் அவை சேற்றைத்தான் முதலில் துழாவும். “நத்தை தின்ன வாத்துதான்டா நல்லா முட்டை போடும்” என்பார். எரு வயலுக்கு, முட்டை அவருக்கு. குத்தகைக் கணக்கு அவ்வளவு எளிது.

1980களில் காவிரி டெல்டாவின் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. பிறகு நெல்லுக்கு நடுவே குழாய்கள் ஓடின. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. எனக்கு அந்த நத்தைகள்தான் நினைவுக்கு வந்தன.

இறகில் ஒட்டிய எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். இரைக்குள் இருப்பது தெரியாது. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேற்றில் படிந்து நாள்பட நிற்கும். மீன் அவற்றைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றிவிடும். நத்தைக்கும் மட்டிக்கும் அந்தத் திறன் குறைவு, உடம்பிலேயே சேர்த்துவைக்கும். அவற்றையே நாள் முழுக்கத் தின்னும் வாத்துக்கு நஞ்சு கவளம் கவளமாகப் போய்ச்சேரும். கல்லீரல் கெடலாம், முட்டை குறையலாம்.

2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. ஆனால் பழைய எண்ணெய்க் கிணறுகள் நீங்கவில்லை. கசிந்த இடங்களில் மண்ணோடு நத்தையையும் வாத்து முட்டையையும் சோதித்து, முடிவை ஊராருக்குச் சொல்லுங்கள்.