மேளம் கட்டும் கை: வீணையின் மெட்டமைப்பும் மும்பைத் தமிழரும்

முன்னுரை

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை இசைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவி செய்தோரின் கைத்திறன் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. தமிழகத்திலிருந்து புலம்பெயர்ந்து மும்பையில் நிலைபெற்ற மக்களின் இசைவாழ்வை நோக்கும்போது இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது. கருவி பெயர்ந்து செல்லும் இடத்திற்கெல்லாம் அதைச் செப்பனிடும் அறிவும் உடன் செல்லுமா என்னும் வினாவை வீணையின் மெட்டமைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மேளம் என்னும் சொல்

சிலப்பதிகாரத்திற்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் பேரியாழ் 21, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7 என நரம்புகளின் எண்ணிக்கையைக் குறித்துள்ளார். யாழில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனிச் சுரத்திற்கு உரியது; மெட்டு அதற்குத் தேவையில்லை. வீணையிலோ ஒரே தந்தி பல சுரங்களைத் தரவேண்டும். ஆகவே சுரத்தானத்தை வரையறுக்கும் பொறுப்பு தந்தியிடமிருந்து மெட்டுக்கு மாறியது.

1550இல் இராமாமாத்தியர் இயற்றிய ‘சுவரமேளகலாநிதி’ வீணையில் மெட்டமைக்கும் முறைகளை விரித்துரைக்கிறது. எல்லா இராகங்களுக்கும் பொருந்துமாறு மெட்டுகளை நிலையாக அமைப்பது ஒரு முறை. ஓர் இராகத்திற்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் அமைப்பது மற்றொரு முறை. இவற்றுள் முன்னதே நிலைபெற்றது. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு தாயிக்கு 24 மெட்டுகளை நிலைப்படுத்திய பெருமையைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்திற்கு உரியதாக மரபு வழங்குகிறது. பின்னர் வேங்கடமகி தம் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் 72 மேளங்களை வகுத்தார். அறிஞர் இராகப் பகுப்பிற்கு வழங்கும் ‘மேளம்’ என்னும் அதே சொல்லையே தஞ்சைக் கைவினைஞர் மெட்டமைக்கும் தொழிலுக்கும் வழங்குகின்றனர். ‘மேளம் கட்டுதல்’ என்னும் அவர்தம் வழக்கு, நூலும் பட்டறையும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று சார்ந்திருந்தமைக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

பட்டறை நுட்பம்

வீணையின் குடமும் தண்டியும் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவன. ஆயினும் மெட்டுகள் மரத்தில் நேரே பதிக்கப்படுவதில்லை. தேன்மெழுகோடு கரித்தூள் முதலியன கலந்து காய்ச்சித் தண்டியின் இருமருங்கிலும் வரப்புபோல் அமைப்பர். இவ்விரு வரப்புகளின் குறுக்கே வெண்கலத்தாலோ பித்தளையாலோ ஆன மெட்டுகளை இருத்துவர். மெழுகு இளகிய நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தியும் அழுத்தியும் தந்தியை மீட்டியும் சுருதி பார்த்து நிலைப்படுத்துவர்.

இதில் கணக்கும் உண்டு. கணக்கிற்கு அடங்காததும் உண்டு. எடுத்துக்காட்டாக, தந்தியின் நீளம் 80 செ.மீ. எனவும் பன்னிரு சுரத்தானங்கள் சம இடைவெளி உடையன எனவும் கொண்டால், முதல் மெட்டு ஏறத்தாழ 4.5 செ.மீ. தொலைவிலும் பன்னிரண்டாம் மெட்டு 40 செ.மீ. தொலைவிலும் அமையும். இறுதி இரு மெட்டுகளுக்கு இடையே 1.2 செ.மீ. அளவே எஞ்சும். ஆனால் விரல் அழுத்தும்போது தந்தியின் இழுவிசை மிகுந்து சுரம் சற்றே உயர்கிறது. மெட்டின் உயரம் மிகுந்தால் இவ்வுயர்வும் மிகும். மெட்டு தாழ்ந்தால் தந்தி அடுத்த மெட்டில் உரசி அதிரும். கமகத்திற்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போதும் ஒலி கெடாதிருத்தல் வேண்டும். கித்தாரில் இச்சிக்கலை மெட்டுப் பலகையை வளைவாக இழைத்துத் தீர்க்கின்றனர். வீணையில் மரம் இழைக்கப்படுவதில்லை. மெட்டுகளின் ஏற்றத்தாழ்வு முழுவதும் மெழுகிலேயே, செவியைத் துணையாகக் கொண்டு உருவாக்கப்படுகிறது.

குதிரையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய வளைவும் இத்தகையதே. தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அக்கணுவிற்குரிய மேற்சுரங்கள் தோன்றலாகாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை ஒலிப்பதையும் அதற்குக் குதிரையின் அமைப்பே காரணம் என்பதையும் சி.வி. இராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அவ்வளைவைக் கைவினைஞர் தலைமுறைகளாகச் செய்து வந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மும்பையில் வீணை

மும்பைத் தமிழரின் குடியேற்றம் ஒரே தன்மையது அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குச் சென்றோர் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர்; அங்கே தொழிலறிவும் மக்களோடு வேரூன்றியது. மாதுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் அலுவல் நிமித்தம் குடியேறியோர் பள்ளிகளையும் சபாக்களையும் நிறுவினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலும் சண்முகானந்த சபா 1952இலும் தோன்றின. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் இம்மரபில் வந்ததே. இவ்வழியில் சென்றது இசையைக் கேட்கும் செவியும் கற்பிக்கும் கல்வியுமே ஆகும். வீணை செய்யும் பட்டறை மரபின் தாயகம் தஞ்சையாகவே நீடித்தது.

மகாராட்டிரத்திலேயே மற்றொரு மரபு உண்டு. மீரஜ் நகரில் 19ஆம் நூற்றாண்டு முதல் சித்தாரும் தம்பூராவும் செய்யப்பட்டு வருகின்றன; படைக்கலம் செய்துவந்த சிகல்கர் குடும்பத்தினரே இத்தொழிலை வளர்த்தனர். சித்தாரின் வளைந்த மெட்டுகள் நூலால் கட்டப்படுவதால் இசைப்பவரே அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். வீணையின் நிலைமை வேறு. மெழுகு வெப்பத்தில் இளகும். நாளடைவில் மெட்டு தேயும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் புதிதாகக் கட்டப்படுதல் வேண்டும். அண்மையில் சிறந்த பட்டறைகள் இருந்தும், தஞ்சை மரபின் செவி தேர்ந்த கை இன்றி வீணை முழுமை பெறாது. வீணையை வாங்கிச் செல்வோர் அதனோடு அக்கையின் தேவையையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

முடிவுரை

தஞ்சாவூர் வீணை 2013இலும் மீரஜ் சித்தாரும் தம்பூராவும் 2024இலும் புவிசார் குறியீடு பெற்றன. இக்குறியீடு பெயரையும் பிறப்பிடத்தையும் காக்கும். மெழுகு இளகும் சில நிமிடங்களில் எந்த மெட்டை எவ்வளவு தாழ்த்தவேண்டும் என்னும் தீர்ப்பைக் காக்க அதனால் இயலாது. மெழுகிற்கு மாற்றாக வேறு பொருள்களில் மெட்டுப் பலகை அமைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அவை வெற்றி பெறினும், மாற்றப்படுவது இன்னதென்று அறிய முந்தைய முறை பதிவாகியிருத்தல் இன்றியமையாதது. மேளம் கட்டுவோரின் கலைச்சொற்களும் செய்ம்முறையும் அவர்கள் வாய்மொழியாகவே தொகுக்கப்படுமாயின், இராமாமாத்தியர் நூலில் தொடங்கிய ஆய்வு பட்டறையில் நிறைவுறும். அத்தொகுப்பு தஞ்சைக்கு மட்டுமன்றி, தொலைவில் வீணையைப் பேணிவரும் மாதுங்காவிற்கும் செம்பூருக்கும் பயன்தரும் எனலாம்.