ஒளி பெற்றோர் எனும் பெயர்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துச் சபைகள் பலவும் 1960களில் எழுந்த தொழிற்சாலைகளையொட்டிப் பெருகியவை. பல மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தோர் அங்கே ஒரே கூரையின்கீழ் ஆராதிக்கின்றனர். ஆயினும் திருமணப் பேச்சு எழும்போது பழைய சாதியும் உடன் எழுகின்றது. அவ்வேளையில், "எனக்கு வேறுபாடு இல்லை, ஐயரே, சபையார்தாம் இன்னும் பக்குவப்படவில்லை" என்று கூறும் நல்லவர்களை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு கூறியதுண்டு. இத்தகையோருக்கு நிறஒதுக்கல் காலத் தென் ஆப்பிரிக்காவில் ஒரு பெயர் வழங்கிற்று. அப்பெயரின் வரலாறு நமக்கும் உரியது.

'ஃபெர்லிக்தெ' என்பது அச்சொல். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஒளி பெற்றவர்' என்று பொருள். 1966இல் வில்லெம் டி கிளர்க் என்னும் இறையியலாளர் இதனை அரசியல் வழக்கிற் புகுத்தினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான எஃப். டபிள்யூ. டி கிளர்க்கின் தமையன் இவர். இதற்கு எதிராக அவர் வைத்த சொல் 'ஃபெர்கிராம்ப்தெ', அதாவது ஒடுங்கிச் சுருங்கியவர். ஆங்கில நாளேடுகளும் இவ்விரு சொற்களையும் மொழிபெயர்க்காமலே எடுத்தாண்டன. எனினும் இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒதுக்கலை நடத்திய தேசியக் கட்சியினரே. ஒதுக்கலின் கடுமையைத் தணிக்கலாமா என்பதே நெடுங்காலம் அவர்களுக்குள் இருந்த வழக்கு. அதை ஒழிக்கலாமா என்பதன்று.

அந்த ஒளியின் அளவை 1983ஆம் ஆண்டு அரசியலமைப்புக் காட்டிற்று. வெள்ளையர், கலப்பினத்தார், இந்திய வம்சாவளியினர் ஆகியோருக்குத் தனித்தனி அவைகள் அமைந்தன. பெரும்பான்மையரான கறுப்பின மக்களுக்கோ ஓர் அவையும் இல்லை. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுக்கும் இதனால் இருக்கை கிடைத்தது. ஆனால் புறக்கணிப்பு இயக்கத்தின் அழைப்பின் நடுவே நிகழ்ந்த 1984 ஆகஸ்டுத் தேர்தலில், பதிவுபெற்ற இந்திய வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தனர். அயலானை வாயிலில் நிறுத்திவிட்டுத் தமக்கு இடப்பட்ட பந்தியில் அமரப் பலர் மறுத்தனர்.

இவ்வொதுக்கலின் வேர்களுள் ஒன்று திருச்சபையில் இருந்தது. 1857இல் கேப் பகுதி டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினாடு, எல்லா விசுவாசிகளும் ஒரே சபையில் கூடுவதே வேதத்திற்கு இசைந்தது என ஒப்புக்கொண்டது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி ஆராதனைக்கு இடங்கொடுத்தது. 1881இல் அச்சலுகை தனியொரு திருச்சபையாகவே உருவெடுத்தது. ஒதுக்கப்பட்ட அத்திருச்சபைதான் 1982இல் பெல்ஹாரில் கூடி, பிரிவினையை நியாயப்படுத்தும் போதனையை மறுக்கும் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் அதை ஏற்றது.

நம் வரலாறும் இதற்கு அயலானதன்று. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷனெரிமார், சாதி காலப்போக்கில் கரையும் என நம்பி, ஆலயத்தில் தனித்தனி இருக்கைகளைப் பொறுத்துக்கொண்டனர். 1826இல் தமிழகம் வந்த பேராயர் ஹீபரும் மென்மையான போக்கையே விரும்பினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், இவ்வேறுபாட்டிற்கு இனித் தவணை இல்லையெனச் சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினர். சாதியைச் சமூக வழக்கெனக் கருதிய லைப்சிக் மிஷனிற் பின்னர்ச் சிலர் சேர்ந்தனர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் கண்டித்தபோது அந்த மிஷன் உடன்படவில்லை.

பொறுமை காட்டியோர் கொடியவர் அல்லர். அவருட் பலர் தம் வாழ்வையே இம்மண்ணுக்கு ஈந்தவர். பலவீனரைத் தாங்குவதும் அப்போஸ்தலப் போதனையே. ஆனால் பலவீனர் யார்? கேப்பிலும் தஞ்சையிலும், உடன் அமர மறுத்தவரே பலவீனர் எனப்பட்டார்; அப்பலவீனத்தின் பாரத்தையோ தள்ளி அமர்த்தப்பட்டவர் சுமந்தார். தாங்குதல் என்ற பெயரால், தாங்க வேண்டியவரும் தாங்கப்பட வேண்டியவரும் இடம் மாறினர். இது பவுலின் போதனையன்று.

பேதுருவும் ஒளி பெற்றவரே. யோப்பா பட்டணத்தில் தரிசனம் கண்டவர். எனினும் அந்தியோகியாவில் சிலருக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். பேயர்ஸ் நௌடே என்னும் ஆப்பிரிக்கானர் போதகரும் தம் இனத்தாரின் உயர்மட்ட இரகசியச் சங்கத்தில் இருந்தவர். 1963இல் அவர் தெரிந்துகொண்ட வழி அவருடைய பிரசங்க பீடத்தையே பறித்தது. 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணையின் கீழ் அவர் வாழ்ந்தார்.

ஒளி பெற்றோர் என்னும் பெயரை நமக்கு நாமே இட்டுக்கொள்வது எளிது. ஆனால் அதை இடும் உரிமை நம்முடையதன்று. பந்தியின் புறத்தே நெடுநாள் நின்றவருடையது. அடுத்த முறை, 'சபையார் பக்குவப்படவில்லை' என்று சொல்ல நம் நா எழுமாயின், அத்தாமதத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்று முதலில் நம்மை நாமே கேட்போமாக.