கண்டிப் பீரங்கியும் பீங்கான் கேத்தலும்

நூதனசாலைகளின் பொருட் பட்டியல்களில் ‘அலங்காரக் கலைகள்’ என்றொரு பிரிவு உண்டு. ஓவியத்திலும் சிற்பத்திலும் சேராத, ஆயினும் கைவினைத் திறனால் மேம்பட்ட பொருட்கள் யாவும் இதனுள் அடக்கப்படும். மணி பதித்த வாளுக்கும் தேயிலை ஊறவைக்கும் பீங்கான் கேத்தலுக்கும் ஒரே கூரை, ஒரேவகைக் கண்ணாடிப் பேழை, ஒரேவகைப் பெயர்ச்சீட்டு. எதனாற் செய்யப்பட்டது, எக்காலத்தது என்பனவற்றைச் சீட்டுக் கூறும். எவர் கையிலிருந்து எவ்வாறு வந்தது என்பதைப் பெரும்பாலும் கூறாது. வரலாற்று மாணவருக்கோ இவ்வினாவே முதன்மையானது. ஆம்ஸ்ரர்டாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த இருவகைப் பொருட்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதலாவது, ‘லெவ்கேயின் பீரங்கி’. வெண்கலக் குழலைப் பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்து, செம்மணிகளும் பதித்துள்ளனர். வடிவம் ஐரோப்பியப் பீரங்கியினது. அணியோ கண்டி நாட்டினது. சூரியன், சந்திரன், சிங்கம் ஆகிய கண்டியரசின் சின்னங்கள் குழலிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1745-46 ஆம் ஆண்டளவில் லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த கொடை இது என்பதை அதிலுள்ள சிங்களப் பொறிப்பைக் கொண்டு அறிகின்றோம். அப்போது அரியணையில் இருந்தவன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் (1739-1747). நரேந்திரசிங்கனின் அரசியுடைய சகோதரனாகிய இவன், மதுரைத் தொடர்புடைய நாயக்க வம்சத்தின் முதலரசன். வேற்று நாட்டிலிருந்து வந்து முடிசூடிய ஒருவனுக்குச் சிங்களப் பிரதானி ஒருவன் சிங்கச் சின்னம் பொறித்த பீரங்கியை அளிக்கின்றான். இதனை வெறும் அலங்காரம் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அரசனை ஏற்றுக்கொண்டமைக்குப் பொன்னால் எழுதிய பத்திரமாகவே அது எனக்குத் தோன்றுகின்றது.

1765 பெப்ருவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் பெரும்படையுடன் கண்டி நகருட் புகுந்தான். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் முன்னரே தலைநகரை விட்டு அகன்றிருந்தான், அரண்மனை சூறையாடப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் வான் எக் இறந்தான். கண்டியில் நிறுத்தப்பட்ட படையும் அங்கு நிலைகொள்ள மாட்டாது சில மாதங்களில் வெளியேறிற்று. ஆயினும் மறு ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையினால் கண்டியரசு கரையோரம் முழுவதையும் இழந்தது. பீரங்கி கடல் கடந்து, ஒல்லாந்து நாட்டின் ஐந்தாம் வில்லியத்தினுடைய விந்தைப் பொருட் தொகுதியை அடைந்தது. அரச சின்னமாக இருந்தது காட்சிப் பொருளாயிற்று.

இனி, பீங்கானுக்கு வருவோம். ஐரோப்பியர் சீனத்திலும் யப்பானிலும் இருந்து பீங்கானைக் கப்பல் கப்பலாகக் கொணர்ந்தனரேயன்றி, அதனைச் செய்யும் வகை அறியாதிருந்தனர். பொன் ஆக்குமாறு சக்சனியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த இரசவாதி பொட்கர் 1708 அளவில் அந்நுட்பத்தை எட்டினான். 1710 இல் மைசன் ஆலை தோன்றிற்று. அந்நாட்டு மன்னன் அகஸ்தஸின் பீங்கான் மோகம் எத்தகையதெனின், 1717 இல் சீனப் பீங்கான்கள் 151 ஐப் பெறுவதற்காக 600 படைவீரரைப் பிரசிய மன்னனுக்குக் கொடுத்தான்! ஆயுதமும் பீங்கானும் நாம் எண்ணுமளவுக்குத் தொலைவானவையல்ல.

பேர்லினில் வாழ்ந்த யூதராகிய பிரான்ஸ் ஒப்பன்ஹைமரும் அவர் மனைவி மார்கரெத்தும் அரிய மைசன் பீங்கான்களைத் தொகுத்து வைத்திருந்தனர். நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி அவர்கள் நாடு நீங்க நேர்ந்தது. அவர்களின் தொகுதி ஆம்ஸ்ரர்டாம் வங்கியாளர் மன்ஹைமரின் கைக்கு மாறியது. 1939 இல் அவர் இறந்தபின், ஹிட்லர் அமைக்க எண்ணிய நூதனசாலைக்காக வாங்கப்பட்டது. போர் முடிந்தபின் மீட்கப்பட்டு ஒல்லாந்து அரசின் உடைமையாகி, பெரும்பகுதி றைக்ஸ் நூதனசாலையில் வைக்கப்பட்டது. பல ஆண்டுகளாக மக்கள் அவற்றின் பூவேலையை வியந்தனர். 2019 இல் அவற்றை உரியோரின் வழித்தோன்றல்களிடம் அளிக்குமாறு மீளளிப்புக் குழு பரிந்துரைத்தது. 2021 செப்தெம்பரில் அவர்கள் நியூயோர்க்கில் அவற்றை ஏலத்தில் விற்றபோது, பாதிக்கு மேற்பட்டவற்றைப் பணம் கொடுத்து வாங்கியது அதே றைக்ஸ் நூதனசாலை. கேத்தலும் குவளையும் பழைய கட்டடத்துக்கே திரும்பின; ஆனால் இம்முறை விற்றவர் மனமுவந்து விற்றனர்.

பீரங்கியின் வழி வேறு. அது கண்டியிற் கைக்கொண்ட போர்க்கொள்ளையே என்பதை ஒல்லாந்த, இலங்கை ஆய்வாளர் இணைந்து ஆவணங்களை ஆராய்ந்து நிறுவினர். அதன் பயனாக 2023 இல் பீரங்கியும், பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகியனவுமாக ஆறு பொருட்கள் இலங்கைக்கு மீளளிக்கப்பட்டன. பட்டியலில் ‘ஆயுதம்’ எனவோ ‘அலங்காரக் கலை’ எனவோ எழுதிவிட்டு அப்பால் செல்லாத சிலரின் உழைப்பு இது.

அவை வந்து சேர்ந்த கொழும்புத் தேசிய நூதனசாலையில் கண்டியரசரின் சிம்மாசனமும் உண்டு. 1693 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாக வழங்கியது அது. 1815 இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதனைக் கொண்டு சென்றனர். அரியணை இழந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். சிம்மாசனம் 1934 இல் திரும்பி வந்தது. ஒல்லாந்தர் பணிந்து கொடுத்ததும், எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே ஒல்லாந்தர் பறித்துச் சென்றதும் இன்று ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. ‘பொன், வெள்ளி, செம்மணி’ என்பதற்குக் கீழே அப்பெயர்ச்சீட்டுக்களில் இன்னும் இரண்டு வரி எழுத இடமுண்டு.