ஒவ்வாமைக் கண் அழற்சி: கண் அரிப்பும் மருந்துக் கடையில் கவனிக்க வேண்டியவையும்

தூசி, மகரந்தம் போன்ற, பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத பொருள்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதி வினைபுரிவதால், விழி வெண்படலமும் இமைகளின் உட்புறமும் சிவந்து வீங்கும் நிலையே ஒவ்வாமைக் கண் அழற்சி எனப்படுகிறது. கண்ணிலுள்ள மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளே அரிப்புக்கும் நீர் வடிதலுக்கும் முதன்மைக் காரணம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

மெட்ராஸ் ஐ நோயிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

ஒவ்வாமையில் அரிப்பே முதன்மையான அறிகுறி. பெரும்பாலும் இரு கண்களிலும் ஒருசேரத் தோன்றும். மெட்ராஸ் ஐ வைரஸால் வரும் தொற்று. பொதுவாக ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் பரவும். உறுத்தலும் பீளையும் அதில் மிகுதி. ஒவ்வாமைக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்வோர் கவனத்திற்கு

கடலோர ஈரப்பதத்தில் படுக்கையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சிகளும் பூஞ்சையும் எளிதில் பெருகுகின்றன. சீமைக் கருவேல மரத்தின் மகரந்தமும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. எனினும், கண் சிவப்பு அனைத்தும் ஒவ்வாமையன்று. உப்பளத்தில் வேலை செய்வோருக்கு வெயிலின் எதிரொளியும் உப்பு நீரும், துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவோருக்குக் கரித்தூளும், சங்கு குளிப்போருக்குக் கடல்நீரும் கண்ணை எரிச்சலூட்டுகின்றன. இவர்களுக்கு முதலில் வேண்டியவை பாதுகாப்புக் கண்ணாடியும், கண்ணைக் கழுவத் தூய நன்னீருமே. பல ஆண்டுகள் வெயிலில் உழைப்போருக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வதும் உண்டு. அதனை ஒவ்வாமைச் சொட்டு மருந்து குணப்படுத்தாது.

பள்ளி வயதுச் சிறுவர்களிடம், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், வெர்னல் எனப்படும் கடுமையான வகை காணப்படுகிறது. வசந்தகால நோய் என்று பெயர் பெற்றிருப்பினும், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் நீடிக்கக்கூடும். நூல் போன்ற பிசுபிசுப்பான பீளை, வெளிச்சத்தைக் கண்டு கண் கூசுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இடைவிடாது கண்ணைக் கசக்குவது கருவிழி கூம்பாக நீள்வதற்கும் வழிவகுக்கும்.

மருந்துகளும் சந்தையும்

குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியால் ஒத்தடம் கொடுப்பதும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளும் லேசான அரிப்பைத் தணிக்கும். அடுத்த நிலையில் ஒலோபட்டடின், கீட்டோடிஃபென் போன்ற ஒவ்வாமை எதிர்ப்புச் சொட்டுகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். ஒரே மருந்து பல நிறுவனங்களால் பல பெயர்களில், வெவ்வேறு விலைகளில் விற்கப்படுவதால், வணிகப் பெயரைவிட மூலப்பெயரையும் செறிவையும் பார்த்து வாங்குங்கள். ஒலோபட்டடின் 0.1 விழுக்காடு நாளொன்றுக்கு இருமுறையும், 0.2 விழுக்காடு ஒருமுறையும் இடப்படுவது வழக்கம்.

விலை குறைந்தது தரம் குறைந்தது என்று கருத வேண்டியதில்லை. 1994 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயர் மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால், அரசு மருத்துவமனைகளில் அவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன.

மெய்யான ஆபத்து ஸ்டீராய்டு சொட்டுகளில் உள்ளது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை ஓரிரு நாளில் சிவப்பை அகற்றிவிடுகின்றன, விலையும் குறைவு. ஆகவே பழைய சீட்டையோ காலிப் புட்டியையோ காட்டி மீண்டும் மீண்டும் வாங்கும் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. நுண்ணுயிர்க்கொல்லியுடன் கலந்து விற்கப்படும் சொட்டுகளில் ஸ்டீராய்டு இருப்பதைப் பலர் அறிவதேயில்லை. நீண்ட நாள் பயன்படுத்தினால் கண்நீர் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு சிதைகிறது; கண்புரையும் உண்டாகிறது. புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். நரம்புச் சிதைவால் இழந்த பார்வை திரும்பாது. வலி ஏதும் இல்லாமல், பக்கவாட்டுப் பார்வையில் தொடங்குவதால், ஒரு குழந்தை இதனைத் தானே உணர்ந்து சொல்வதும் அரிது.

இந்தியாவில் ஸ்டீராய்டு கண் மருந்துகள் 'அட்டவணை எச்' பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. அமெரிக்காவில் 2020 முதல் ஒலோபட்டடினைச் சீட்டின்றி வாங்கலாம். அங்கும் ஸ்டீராய்டு சொட்டுகளுக்கு அந்தத் தளர்வு இல்லை. கடுமையான நோய்க்கு மருத்துவர் குறுகிய காலத்திற்கு இதனைத் தருவது முறையான சிகிச்சையே. அவர் குறித்த நாளில் கண் அழுத்தப் பரிசோதனைக்குச் செல்லத் தவறாதீர்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் இட வேண்டாம். திறந்த புட்டியை ஒரு மாதத்திற்குப் பின் அப்புறப்படுத்துங்கள், பிறருடன் பகிராதீர்கள்.

பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவையோ அருகிலுள்ள கண் மருத்துவரையோ அணுகுங்கள். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது, இதுவரை இட்ட சொட்டு மருந்துப் புட்டிகள் அனைத்தையும், காலியானவை உட்பட, உடன் எடுத்துச் செல்லுங்கள்.