கேப்பிலிருந்து குன்னூருக்கு

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடையெங்கும் வெள்ளைக் காலா லில்லி மண்டிக் கிடக்கிறது. படம் எடுக்க இறங்கும் சுற்றுலாக்காரர்கள் மலைக்கே உரிய பூ என்று நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சதுப்புச் செடி இது. அங்கே இதன் கிழங்கை முள்ளம்பன்றி தோண்டித் தின்னும். ஐரோப்பாவிலோ கல்யாணத்துக்கும் சாவுக்கும் விலை கொடுத்து வாங்கினார்கள்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை லண்டன் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையைச் சுற்றித்தான் சென்னைக்கு வந்தன. இந்தியாவில் காய்ச்சல் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் உடம்பு தேறக் கேப்பில் போய்த் தங்குவதும் உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் குடியேறிய பின் அந்த வேலையை நீலகிரி எடுத்துக்கொண்டது. 1848இல் லண்டன் கியூ தோட்டத்து மெக்ஐவர் வந்து ஊட்டியில் அரசுத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். பங்களாத் தோட்டங்களுக்கு வந்த வெளிநாட்டுச் செடிகளில் லில்லி வேலி தாண்டிவிட்டது.

தோட்டக்காரர்கள் இதன் விதையைச் சீந்துவதில்லை. கிழங்கைப் பிரித்து நட்டால் அடுத்த பருவமே பூ. விதையென்றால் இரண்டு மூன்று வருஷம். அம்மா மட்டும் விதைதான் போடுவார். மடல் பச்சையாகி வாடிய பின் நடுத்தண்டின் அடியில் காய் திரளும். அது மஞ்சளாகிக் குழையும்வரை காத்திருப்பார். பறித்ததும் கையுறை போட்டுச் சதையைக் கழுவுவார். சேம்புக்குச் சொந்தக்காரி அல்லவா, அதே அரிப்பு! விதையைக் காயவிடாமல் இலைமக்கில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வார்.

கிழங்கிலிருந்து வருவது தாய்ச்செடியேதான். புது நிறம் வேண்டுமென்றால் விதையில்தான் தேட வேண்டும். நியூசிலாந்து ஏற்றுமதி செய்யும் சிவப்பு, ஊதாக் காலாக்கள் அப்படிக் கலந்து கலந்து எடுத்தவை. மஞ்சள் காலாவில் ஒரு வகை தோட்டத்தில் மட்டுமே உண்டு, காட்டில் கண்டவர் இல்லை. ஆனால் வெள்ளை அந்த வண்ண இனங்களோடு லேசில் கூடாது; கூடினாலும் நாற்று பச்சையம் இல்லாமல் வெளிறி மடியும். அம்மா எதிர்பார்க்கும் ரோஸ் நிறம் அவர் தொட்டிகளில் வராது என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைக் களை என்று ஒழிக்கிறார்கள். நம் சதுப்புகளிலும் நாட்டுச் செடிகளின் இடத்தை இது பிடிப்பதைப் பார்க்கும்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது. அம்மாவின் விதைக்கு ஒரு காம்பை விட்டுவிட்டு மற்றதைக் காய் பழுக்குமுன் நறுக்கிவிடுகிறேன். அதில் அவருக்கு என்மேல் கோபம்தான்.