அடுக்ககச் சூரிய வெந்நீர்ப் பகிர்வு

மொட்டைமாடியில் சூரிய வெப்பத்தால் சூடாகும் நீரை எல்லாத் தளங்களுக்கும் சீராகக் கொண்டு சேர்க்கும் முறை. புனே நகர அடுக்ககங்களில் பரவலாக உள்ளது. சூரிய வெந்நீர் அமைப்புள்ள வீடுகளுக்குப் புனே மாநகராட்சி சொத்துவரிச் சலுகை அளிக்கிறது.

சிக்கல்: தொட்டியை ஒட்டிய மேல்தளத்தில் குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரும், ஆனால் அழுத்தம் குறைவு. கீழ்த்தளத்தில் அழுத்தம் மிகுதி, வெந்நீரோ தாமதம். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும். எனவே 30 மீட்டர் இறங்கும் குழாயில் இரவெல்லாம் ஆறிக் கிடந்த 15 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீர், வெளியேறிய பிறகே சூடு கைக்குத் தெரியும்.

தீர்வு: இறங்குகுழாயின் அடியிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயும் சிறு பம்பும் பொருத்தப்படும். குளியல் நேரத்துக்குச் சற்று முன் பம்பை ஓட்டினால் ஆறிய நீர் வீணாகாமல் தொட்டிக்கே திரும்பும். இறங்குகுழாய்கள் பல இருந்தால், ஒவ்வொன்றின் திரும்புகுழாயிலும் ஒரு சமன்செய் வால்வு வேண்டும். இல்லையேல் குறுகிய வழியே நீரெல்லாம் ஓடிவிடும். குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறையும், கீழ்த்தளங்களுக்கு அழுத்தக் குறைப்பு வால்வும் துணைசெய்யும்.

ஒப்பீடு: நியூயார்க்கின் பழைய கட்டடங்களில் நீராவி ரேடியேட்டர்களும் கொதிகலனுக்கு அருகில் முந்தியும் தொலைவில் பிந்தியும் சூடேறும். அங்கே தொலைவிலுள்ளவற்றுக்கு வேகமான காற்றுப்போக்கியும் அருகிலுள்ளவற்றுக்கு மெதுவானதும் பொருத்திச் சமன்செய்வர்.