கறுப்பு அங்கியின் விலை

லண்டனில் கோப்பை கழுவின காலத்தில், பாரிஸ்டராக வாறதுக்கு விருந்து சாப்பிடவேண்டும் என்று கேள்விப்பட்டுச் சிரித்திருக்கிறேன். பகிடியில்லை. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நாலு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, இத்தனை இராச்சாப்பாடு என்று கணக்கு முடிக்கவேண்டியிருந்தது. நாலு பேருக்கு இரண்டு போத்தல் வைன். குடிக்காத காந்தியைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் போட்டியாம்! 1891இல் அவர் பாரிஸ்டரானார்.

சாப்பாடு சுகம். கஷ்டம் பிறகுதான். பியூப்பிலேஜ் என்று ஒரு வருடப் பயிற்சி. வணிகச் சட்டச் சேம்பர் என்றால் கப்பல், காப்புறுதி, வங்கி என்று கட்டுக்கட்டாகக் கடதாசி. மூத்தவர் எழுதவேண்டிய அபிப்பிராயத்தைத் தானும் எழுதிக்காட்டித் திருத்தவேண்டும். முதல் ஆறு மாதம் நீதிமன்றத்தில் வாய் திறக்கேலாது.

சம்பளம்? முந்தி பயிலுநர்தான் மூத்தவருக்கு வருடம் 100 கினி கட்டினார். பிறகு பெரிய வணிகச் சேம்பர்கள் கெட்டிக்காரரைப் பிடிக்கக் காசு கொடுத்தன. குற்றவியல் பக்கம் பலர் சும்மாதான் உழைத்தார்கள். அங்கே ஒரு பெண் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டு வென்று, 2000இல் மேன்முறையீட்டில் தோற்றார். 2003இல்தான் வருடம் 10,000 பவுணாவது கொடுக்கவேண்டும் என்று விதி வந்தது.

அதுவரை பெரும்பாலும் வீட்டில் காசிருந்த பிள்ளைக்குத்தான் அந்த அங்கி. படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு, கோப்பை கழுவின முதல் கிழமையே கூலி தந்தார்கள்.